‘இது ரோமானியப் பானை’ என்று யாராவது சொன்னால் என்ன கேட்பது? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வாட்ஸ்அப் குழுவில் ஒரு பானையோட்டின் படம் வரும். கீழே ‘2000 ஆண்டுக்கு முந்தைய ரோமானியப் பானை’ என்று இருக்கும். இன்னொருவர் ‘அதெல்லாம் இல்லை, நம்ம ஊர்க் குயவர் செய்தது’ என்பார். மூன்றாமவர் வரிசையாக வீடியோ அனுப்புவார். எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்டால் ‘அறிக்கையில் இருக்கிறது’ என்று பதில் வரும். எந்த அறிக்கை, எந்தப் பக்கம், எந்த மண்ணடுக்கு என்று அடுத்துக் கேட்டுப் பாருங்கள், பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

புதுச்சேரிக்குப் பக்கத்தில் இருக்கும் பழைய துறைமுகமான அரிக்கமேட்டின் பானைகளைப் பற்றி இப்படி ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு நூலகம், அருங்காட்சியகம், தகவல் உரிமை மனு என்று நிறைய அலைந்தேன். எதை முதலில் படிப்பது, எதற்குப் பணம் கட்டவேண்டும், எதற்கு வேண்டாம் என்று சொல்ல ஆளில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். தொல்லியல் பட்டம் எதுவும் வேண்டாம், பொறுமையும் ஒரு நோட்டும் இருந்தால் போதும். உதாரணத்துக்கு அரிக்கமேட்டையே வைத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அங்கே ஒரு பெரிய ஆள் கவனமாகக் கட்டிய வாதமே, அதற்குள் ஒளிந்திருந்த ஒரு அனுமானத்தைத் தொட்டதும் ஆட்டம் கண்டது.

1. முதலில் வாதத்தைத் துண்டு துண்டாக எழுதுங்கள்

படிப்பதற்கு முன்பே இதைச் செய்யுங்கள். ‘ரோமிலிருந்து வந்தது’ என்பது முடிவு. அந்த முடிவுக்கு வர எத்தனை படி ஏறினார்கள் என்று ஒவ்வொரு வரியாக எழுதவேண்டும்.

1945இல் அரிக்கமேட்டைத் தோண்டிய பிரிட்டிஷ் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலரின் வாதத்தைச் சுருக்கினால் ஏறக்குறைய இப்படி வரும்:

இத்தாலியக் குயவர்களின் முத்திரை உள்ள அரிட்டைன் (பளபளப்பான சிவப்பு இத்தாலியப் பாண்டம்) ஓடுகள் இங்கே கிடைத்தன. மது, எண்ணெய் போன்றவற்றைக் கொண்டுபோகும் ஆம்போரா சாடியின் ஓடுகளும் கிடைத்தன. அவற்றோடு, தட்டின் உட்புறம் வட்ட வட்டமாகச் சிறு பொறிப்புகள் ஓடும் ரௌலட்டட் பானையோடுகளும் கிடைத்தன. இப்படிப் பொறிக்கும் முறை மத்தியதரைக் கடல் பக்கத்தில் உண்டு. ஆகவே அந்த முறை அங்கிருந்துதான் வந்தது. அரிட்டைனின் காலம் கி.பி. முதல் நூற்றாண்டு என்று தெரியும், ஆகவே ரௌலட்டட்டும் அதே காலத்தை ஒட்டியது.

இப்போது ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் மூன்றில் ஒரு சொல்லை எழுதுங்கள்: கண்டது, கணித்தது, கருதியது. அரிட்டைன் ஓடு கிடைத்தது, அதில் முத்திரை இருக்கிறது: கண்டது. அந்த முத்திரையை இத்தாலியில் தெரிந்த முத்திரைகளோடு ஒப்பிட்டுக் காலம் சொன்னது: கணித்தது. ‘அந்த முறை அங்கிருந்துதான் வந்தது’: இது கருதியது. அதைக் காட்டும் பொருள் எதுவும் அந்தக் குழியில் இல்லை. இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி ஒரு வேலைப்பாடு இருக்கிறது என்பதுதான் கையில் இருக்கும் உண்மை. யாரிடமிருந்து யார் கற்றார்கள், அல்லது யாரும் யாரிடமும் கற்கவில்லையா என்பது வேறு கேள்வி.

இதற்கு அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரத்தைச் செலவழிக்காமல் அறிக்கைக்குள் நுழைந்தால் 100 பக்கம் படித்தபிறகும் எதைத் தேடுகிறோம் என்றே தெரியாது.

2. அறிக்கையைக் கையில் எடுங்கள்

செய்தித்தாள் துணுக்கு அறிக்கை ஆகாது. அருங்காட்சியகப் பெட்டிக்குள் இருக்கும் சீட்டும் ஆகாது, அது பல நேரம் எப்போதோ எழுதி மாற்றாமல் விட்டதாக இருக்கும். வீடியோவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

எதை எங்கே தேடுவது:

இந்தியத் தொல்லியல் துறையின் பழைய வெளியீடுகள் பெரும்பாலும் இணையத்தில் இலவசம். வீலரின் அரிக்கமேடு அறிக்கை, துறையின் ‘ஏன்சியன்ட் இந்தியா’ இதழின் இரண்டாவது எண்ணில் 1946இல் வந்தது. நல்ல ஸ்கேன் கிடைக்கிறது, காசு கொடுத்து வாங்கவேண்டாம். பழைய புத்தகக்காரர்கள் இதற்குச் சொல்லும் விலையைக் கேட்டால் தலை சுற்றும்.

அந்த அறிக்கையைத் தொல்லியலாளர் விமலா பெக்லி மறுபடி ஆராய்ந்து 1983இல் எழுதிய மறுவாசிப்பு ‘அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் ஆர்க்கியாலஜி’யில் இருக்கிறது. ஜேஸ்டோர் தளத்தில் இலவசக் கணக்கு தொடங்கினால் இத்தகைய பழைய கட்டுரைகளைத் திரையில் படிக்கலாம், தரவிறக்கம்தான் செய்யமுடியாது. ஒரு கட்டுரைக்கு இத்தனை டாலர் என்று இன்னொரு பொத்தான் கண்ணில் படும்படி இருக்கும். அதை அழுத்தாதீர்கள்.

பெக்லி குழுவினர் 1989 முதல் 1992 வரை அரிக்கமேட்டில் மறுபடி தோண்டினார்கள். அதன் அறிக்கை இரண்டு தொகுதி, 1996இலும் 2004இலும் வந்தன. இதை வாங்க நினைக்கவேண்டாம், புதுச்சேரியில் இருக்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனங்களின் நூலகங்களில் கேளுங்கள். போவதற்கு முன் மின்னஞ்சல் அனுப்பி நேரத்தை உறுதி செய்துகொள்ளுங்கள், அடையாள அட்டையை மறக்காதீர்கள். எந்த நூல், எந்த அத்தியாயம் என்று தாளில் எழுதிக்கொண்டு போனால் வேலை பாதி முடிந்த மாதிரி.

தமிழ்நாடு தொல்லியல் துறையின் வெளியீடுகளில் பலவற்றைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் தேடலாம். துறையின் சிறு நூல்கள் விலை குறைவு, கண்காட்சிகளில் கிடைக்கும்.

அருங்காட்சியகத்துக்கும் ஒருமுறை போகவேண்டும், ஆனால் அறிக்கையைப் படித்தபிறகு. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, புதுச்சேரி அருங்காட்சியகத்துக்குத் திங்கள்கிழமை. வெளியூரிலிருந்து போகிறவர்கள் இதைக் கவனிக்காமல் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்புவது சகஜம். உள்ளே போனால் சீட்டில் இருக்கும் விளக்கத்தைவிடப் பொருளின் பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் கடிதம் எழுத, மனுப் போட எல்லாவற்றுக்கும் அந்த எண்தான் வேண்டும். படமெடுக்க அனுமதியும் கட்டணமும் இடத்துக்கு இடம் வேறுபடும், கேட்டுவிட்டு எடுங்கள்.

3. அறிக்கையில் எதைப் படிப்பது

முன்னுரையிலும் முடிவுரையிலும் அதிக நேரம் செலவழிக்காதீர்கள், அங்கேதான் ‘கருதியது’ எல்லாம் அழகான மொழியில் இருக்கும். நேராக மண்ணடுக்கு வரைபடத்துக்குப் போங்கள், குழியில் மண் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த வரிசையை அது காட்டும், பொதுவாகக் கீழ் அடுக்கு பழையது. நீங்கள் தேடும் பொருள் எந்தக் குழியில், எத்தனை சென்டிமீட்டர் ஆழத்தில், எந்த அடுக்கில் கிடைத்தது? அதற்கு மேலே என்ன, கீழே என்ன?

அரிக்கமேட்டு வாதம் ஆட்டம் கண்டது இங்கேதான். அரிட்டைனும் ரௌலட்டட்டும் எப்போதும் கைகோத்துக்கொண்டுதான் வருகின்றனவா என்று பெக்லி பழைய அறிக்கையின் அடுக்குகளையே திருப்பிப் பார்த்தார். ரௌலட்டட் முன்பே தொடங்கிவிடுகிறது, அரிட்டைன் பிறகுதான் வருகிறது என்று அவர் வாதிட்டார். புதுக் குழி தோண்டும் முன்பே எழுதியது இது. பின்னர் இலங்கையில் அனுராதபுர அகழாய்விலும் ரௌலட்டட் ஓடுகள் கி.மு. காலத்து அடுக்குகளில் வந்தன. அரிட்டைனுக்கு முன்பே இருந்த ஒன்றுக்கு அரிட்டைனின் தேதியை மாட்டிவிட்டால் என்ன ஆகும்? அரிக்கமேட்டோடு நிற்கவில்லை விஷயம், ரௌலட்டட் ஓடு கிடைத்த மற்ற ஊர்களுக்கும் அதை வைத்தே காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இன்னொன்று. ‘அதே அடுக்கில் கிடைத்தது’ என்றால் அந்த அடுக்கைக் குப்பைக்குழி, கிணறு, எலிவளை ஏதாவது வெட்டிப்போயிருக்கிறதா என்று பாருங்கள். மேலே இருந்தது கீழே இறங்கும், கீழே இருந்தது மேலே வரும். நல்ல அறிக்கையில் குழிகளைத் தனியாக வரைந்திருப்பார்கள். வரையாத அறிக்கை என்றால் அதையும் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

4. கிடைத்த இடம், செய்த இடம், எழுதிய கை: மூன்றையும் பிரியுங்கள்

புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. எகிப்தில் செங்கடல் கரையில் இருந்த இரண்டு பழைய துறைமுகங்களைப் பாருங்கள். பெரெனிகேயில் கிடைத்த ஒரு ஓட்டில் தமிழ் பிராமி (தமிழின் மிகப் பழைய எழுத்துமுறை) எழுத்து இருக்கிறது, ஆனால் ஓடு ரோமானிய ஆம்போராவுடையது. குசேர் அல் காதிமில் கிடைத்த ஓட்டிலும் தமிழ் பிராமி, ‘பானை ஒறி’ (உறியில் தொங்கும் பானை) என்று கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் படித்தார். அந்தச் சாடியோ இந்தியாவில் செய்தது என்று அதன் மண்ணை வைத்துப் பானை ஆய்வாளர் ராபர்ட்டா டோம்பர் அடையாளம் கண்டார்.

இரண்டும் எகிப்தில் கிடைத்தவை, இரண்டிலும் தமிழ் எழுத்து. செய்த இடம் மட்டும் வேறு வேறு. ‘எழுத்து தமிழ், ஆகவே பானை இந்தியப் பானை’ என்று சொல்லியிருந்தால் ஒன்றில் சரியாகவும் ஒன்றில் தவறாகவும் போயிருக்கும். உங்கள் நோட்டில் மூன்று கட்டம் போட்டு மூன்றுக்கும் தனித்தனியாகச் சான்று எழுதுங்கள். ஏதாவது ஒரு கட்டம் காலியாக இருந்தால் காலியாகவே விடுங்கள், பக்கத்துக் கட்டத்திலிருந்து இழுத்துப்போட்டு நிரப்பாதீர்கள்.

கல்லுக்கும் இதே கதைதான். சூதுபவள (செந்நிறக் கல்) மணி என்றதும் ‘குஜராத்’ என்று எழுதிவிடுவது வழக்கமாகிவிட்டது. குஜராத்தில் பெரிய சுரங்கங்கள் இருப்பது உண்மைதான். ஆனால் இந்த மணியின் கல் அங்கிருந்து வந்ததா என்று யாராவது சோதித்தார்களா, சோதித்தால் வேறு எந்த இடத்துக் கற்களோடு ஒப்பிட்டார்கள்? அதற்குப் பதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

5. ஆய்வகத் தாளை எப்படிப் படிப்பது

‘அறிவியல்பூர்வமாக நிரூபிக்கப்பட்டது’ என்ற சொல் வந்தால் உடனே இரண்டு கேள்வி: எதைச் சோதித்தார்கள்? எதோடு ஒப்பிட்டார்கள்?

ரௌலட்டட் ஓடுகளின் மண்ணைப் புனே டெக்கான் கல்லூரியின் ஆய்வாளர் கோக்டே எக்ஸ் கதிர் முறையில் சோதித்து, வங்காளத்தின் சந்திரகேதுகர், தம்லுக் பகுதியோடு ஒத்துப்போகிறது என்று 1997இல் எழுதினார். 2005இல் ‘ஆன்டிக்விட்டி’ இதழில் வந்த வேதி ஆய்வு, அரிக்கமேடு, அனுராதபுரம் உள்ளிட்ட இடங்களின் ஓடுகள் ஒரே மண் மூலத்தைக் காட்டுகின்றன என்றது. ஊர் ஊராகப் பார்த்துப் பார்த்துச் செய்த நகல்கள் என்ற எண்ணத்துக்கு இது பெரிய அடி. ரோமிலிருந்து வந்தது என்பதற்கும்தான்.

ஆனால் இங்கேயும் நிறுத்திக் கேளுங்கள். ஒப்பிட்ட மண் மாதிரிகளில் எது நெருக்கம் என்றுதான் சோதனை சொல்லும். ஒப்பிடாத மண்ணைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. ‘ஒரே மூலம்’ என்பது வலுவான முடிவு, ‘அந்த மூலம் இந்த ஊர்’ என்பது அதைவிடக் கொஞ்சம் மெலிந்தது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லும் ஆட்களிடம் கவனமாக இருங்கள்.

கரிமக் காலக்கணிப்புக்கு (கரியில் மிஞ்சிய கதிரியக்கக் கரிமத்தை அளந்து காலம் சொல்லும் முறை) வருவோம். கீழடியில் 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த கரித்துண்டுக்குக் கி.மு. 580 என்று தேதி வந்ததாக 2019இல் மாநிலத் தொல்லியல் துறை வெளியிட்டது, மாதிரிகள் அமெரிக்காவில் இருக்கும் பீட்டா அனலிட்டிக் ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டவை. தேதி கிடைத்தது கரிக்கு. அதே குழியில் வந்த எழுத்துள்ள ஓட்டுக்கு அது தானாகப் போய்ச் சேராது, இரண்டையும் இணைப்பது மண்ணடுக்கு. கரி முதிர்ந்த மரத்தின் உட்பகுதியாக இருந்தால் அடுப்பு எரிந்த நாளைவிடத் தேதி பழையதாகக் காட்டும். அப்புறம், ஒற்றை எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு பேசாதீர்கள், தாளில் ‘இத்தனையிலிருந்து இத்தனை வரை’ என்று ஒரு வீச்சு இருக்கும், அதைக் கேளுங்கள். கி.மு. 800 முதல் 400 வரைக்கும் ஆய்வகம் அளந்த கரிமத் தேதியை நாட்காட்டி ஆண்டாகத் திருத்தும் வளைகோடு ஏறக்குறையத் தட்டையாக ஓடுகிறது, அந்தக் காலத்துக்குள் விழும் எந்த மாதிரிக்கும், அது எந்த நாட்டுடையதாக இருந்தாலும், வீச்சு அகலமாகத்தான் வரும். இதைச் சொன்னால் ‘கீழடியைக் குறைத்துப் பேசுகிறாயா’ என்று சண்டைக்கு வருவார்கள். அதற்கும் தயாராக இருங்கள்.

செலவு: ஒரு மாதிரியைக் கரிமச் சோதனை செய்யச் சில நூறு டாலர் ஆகும், முடிவு வரச் சில வாரம். இது அகழாய்வு செய்பவர்களின் செலவு, உங்களுடையது இல்லை. தெரிந்துகொள்ளச் சொல்வதற்குக் காரணம், ‘ஏன் இருபது மாதிரி அனுப்பவில்லை’ என்று கேட்பதற்கு முன் விலை தெரிந்திருந்தால் நல்லது.

6. உங்களுக்குப் பிடித்த வாதத்தையும் இதே கல்லில் உரசுங்கள்

வீலரின் வாதத்தில் ஓட்டை கண்டுபிடிக்கும்போது நமக்கு ஒரு சந்தோஷம் வருகிறது இல்லையா? வெள்ளைக்காரர் சொன்னது தவறு, பானை நம் பக்கத்தது. சரி. இப்போது இன்னொரு வாதத்தை எடுங்கள்: தமிழ்நாட்டுப் பானையோடுகளின் கீறல் குறியீடுகள் சிந்துவெளி எழுத்தோடு ஒத்திருக்கின்றன, ஆகவே அங்கிருந்து வந்தவை. துண்டுபோட்டுப் பாருங்கள். இரண்டு இடத்திலும் ஒத்த உருவங்கள் இருக்கின்றன: கண்டது. தொல்லியலாளர்கள் ராஜனும் சிவானந்தமும் 2025இல் வெளியிட்ட ஒப்பாய்வு செய்திருப்பது இந்தப் பகுதியை, அது பெரிய உழைப்பு. ‘ஆகவே அங்கிருந்து வந்தவை’ என்பது அடுத்த படி. ரௌலட்டட் பொறிப்பு மத்தியதரைக் கடலிலும் இருக்கிறது, இங்கும் இருக்கிறது, ஆகவே அங்கிருந்து வந்தது என்ற படியும் அதுவும் அச்சு அசல் ஒன்று.

இதனால் அந்த வாதம் பொய் என்று ஆகிவிடாது. இன்னும் என்ன வேண்டும் என்பது தெளிவாகும்: இடைப்பட்ட காலத்து, இடைப்பட்ட இடத்துச் சான்றுகள், கோடு, வட்டம், முக்கோணம் போல யாரும் எங்கும் கீறக்கூடிய உருவங்களைக் கழித்தபிறகும் மிஞ்சும் ஒற்றுமை, குறியீடுகள் வரும் வரிசையிலும் ஒற்றுமை. இவற்றைக் கேட்டால் துரோகி என்று பெயர் வாங்குவீர்கள். எதிர்ப்பக்கம் நின்று ‘எல்லாம் வடக்கேயிருந்து வந்தது’ என்பவரிடமும் இதே மூன்றைக் கேளுங்கள், அவரிடமும் பெயர் வாங்கலாம்.

7. அறிக்கையே வெளிவரவில்லை என்றால்

இது அடிக்கடி நடக்கும். தோண்டுவது சில மாதம், அறிக்கை பல ஆண்டு. கீழடியில் 2014 முதல் 2016 வரை மத்தியத் துறை (இந்தியத் தொல்லியல் துறை) செய்த முதல் இரண்டு கட்ட அகழாய்வின் அறிக்கையை, அதை நடத்திய தொல்லியலாளர் அமர்நாத் ராமகிருஷ்ணா 2023 ஜனவரியில்தான் ஒப்படைத்தார், அதைத் திருத்தச் சொல்லி 2025இல் துறை திருப்பி அனுப்பியது. அதுவரை எல்லாரும் எதை வைத்துச் சண்டை போட்டோம் என்று யோசித்துப் பாருங்கள்.

தகவல் உரிமை மனு ஒரு வழி. கட்டணம் 10 ரூபாய், நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். மத்தியத் துறைக்கு இணையத்திலேயே கட்டி அனுப்பலாம். பதில் 30 நாளில் வரவேண்டும். வராவிட்டாலோ பதில் திருப்தி இல்லாவிட்டாலோ அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம், மத்தியத் துறைக்கு அதற்குக் கட்டணமில்லை.

மனுவை எழுதும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. ‘இந்தப் பானையை ஏன் ரோமானியது என்கிறீர்கள்?’ என்று கேட்டால் விளக்கம் தரவேண்டிய கடமை அவர்களுக்கு இல்லை, இருக்கும் ஆவணத்தைத் தருவதுதான் சட்டம். எனக்கு ஒரு அலுவலகத்திலிருந்து ‘தாங்கள் கோரியது தகவல் அல்ல’ என்று ஒரே வரியில் பதில் வந்தது இப்படித்தான். ஆகவே ஆவணமாகக் கேளுங்கள்: ‘இன்ன பதிவு எண்ணுள்ள பொருளின் பதிவேட்டுப் பக்கத்தின் நகல்’, ‘இன்ன ஆண்டு அகழாய்வில் காலக்கணிப்புக்கு அனுப்பிய மாதிரிகளின் பட்டியல் நகல்’, ‘ஆய்வகம் அனுப்பிய முடிவுத் தாளின் நகல்’. ஒரு மனுவில் இரண்டு மூன்று போதும். எந்தத் துறையின் அகழாய்வு என்று முதலில் உறுதி செய்யுங்கள். கீழடியில் முதல் மூன்று கட்டம் மத்தியத் துறை, நான்காவது கட்டத்திலிருந்து மாநிலத் துறை. முகவரி மாறினால் மனு ஊர் சுற்றும், உங்கள் நாட்களும் போகும்.

8. ஓட்டைப் பொறுக்காதீர்கள்

நேரில் பார்க்கப் போகிறவர்களுக்கு ஆசை வரும், மழைக்குப்பின் ஓடுகள் மேலேயே கிடக்கும். அரிக்கமேடு பாதுகாக்கப்பட்ட இடம், அங்கிருந்து எடுப்பது குற்றம். சட்டத்தை விட்டுவிட்டாலும், மேலே கிடந்து நீங்கள் எடுத்த ஓட்டுக்கு அடுக்கு கிடையாது, ஆழம் கிடையாது. எந்த வாதத்துக்கும் அது உதவாது. உங்கள் சொந்த நிலத்தில் ஏதாவது கிடைத்தால் கிடைத்த இடத்திலேயே விட்டு, பக்கத்தில் ஒரு ஸ்கேலோ நாணயமோ வைத்துப் படமெடுத்துக்கொண்டு வட்டாட்சியர் அலுவலகத்துக்கோ மாவட்டத் தொல்லியல் அலுவலருக்கோ சொல்லுங்கள். 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் தெரிவிக்கவேண்டும் என்று 1878ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது.

9. ஆய்வாளருக்கு எழுதும்போது

பெரும்பாலான ஆய்வாளர்கள் பதில் எழுதுவார்கள், நாம் எழுதும் விதம் ஒழுங்காக இருந்தால். அரைப் பக்கத்துக்கு மேல் வேண்டாம். எந்தக் கட்டுரை, எந்தப் பக்கம், எந்த வாக்கியம் என்று குறிப்பிடுங்கள், அந்த வாக்கியத்தை அப்படியே எடுத்து எழுதுங்கள், பிறகு ஒரே ஒரு கேள்வி. ‘இந்த ஓடும் அந்தக் கரியும் ஒரே அடுக்கா?’ என்பது மாதிரி ஆம், இல்லை என்று பதில் சொல்லக்கூடியதாக இருந்தால் இன்னும் நல்லது. கல்லூரித் தேர்வுக் காலத்திலும், அகழாய்வு மும்முரமாக நடக்கும் கோடை மாதங்களிலும் பதில் தாமதமாகும். ஒரு மாதம் பொறுத்து ஒருமுறை நினைவூட்டலாம். அதற்கும் பதில் இல்லையென்றால் அவருடைய மாணவர்கள் யாராவது அதே பொருளில் எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். முனைவர் பட்ட ஆய்வேடுகள் ‘சோத்கங்கா’ தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, கட்டுரையில் இடமில்லாமல் விட்ட அடுக்கு விவரங்களும் அட்டவணைகளும் பல நேரம் அங்கேதான் இருக்கும்.